திருச்சபைப் பதிவேடுகளும் குடிபெயர்ந்த தமிழரும்

(பொம்மசந்திராவில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பு நாடி வந்தவர்கள் நாம். தருமபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும், வேலூரிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்து, பொம்மசந்திராவின் தொழிற்கூடங்களை நம்பி இங்கே குடியமர்ந்திருக்கின்றோம். ஒருபுறம் ஓசூர் எல்லை. மறுபுறம் பெங்களூர் மாநகர். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மெட்ரோ மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிய பின்னர், மாநகரின் உட்பகுதியும் நமக்கு அண்மையாயிற்று. அந்த மாநகரின் நடுவே, சிவாஜி நகரப் பகுதியில், கமர்ஷியல் தெருக் காவல் நிலையத்திற்குப் பின்புறம், தூய பவுல் ஆலயம் என்னும் பழைய கோயில் ஒன்று உள்ளது. 1840-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அவ்வாலயமே பெங்களூரில் ஆங்கிலிக்கன் திருச்சபை தமிழர்க்கென அமைத்த முதற் கோயில் ஆகும். அத்தகைய கோயில்களின் வரலாறு பற்றியும், அவற்றின் அலமாரிகளில் உறங்கும் ஏடுகள் பற்றியுமே இன்று பேச விழைகின்றோம்.

பல சமயத்தினரும் கூடியுள்ள இத்தமிழ் அவையில் ஒரு திருச்சபையின் கணக்கேடுகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். நமக்கு முன்னே இவ்வூருக்குக் குடிபெயர்ந்து வந்த எளிய தமிழரின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்று தேடினால், அத்தேடல் நம்மை அந்த ஏடுகளின் முன்னே கொண்டுபோய் நிறுத்துகின்றது. ஆதலின் இது சமயத்தைப் பற்றிய பேச்சன்று. நம் பெயர்களைப் பற்றிய பேச்சு.

படையொடு வந்த தமிழர்

1809-ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் பெங்களூரில் ஒரு பெரிய படைக்குடியிருப்பை அமைத்தனர். கன்னட மக்கள் அதனைத் ‘தண்டு’ என்றனர். ஆங்கிலேயர் கண்டோன்மென்ட் என்றனர். சென்னை மாகாணத்துப் படை இங்கு வந்து தங்கியபோது, அப்படையோடு தமிழரும் வந்தனர். சிப்பாய்களாக வந்தோர் சிலர். சமையற்காரராக, குதிரைக்காரராக, தையற்காரராக, சலவைத் தொழிலாளராக, கொத்தராக, தச்சராக, எழுத்தராக, கடைக்காரராக வந்தோர் பலர். துப்பாக்கி ஏந்திய துரைமார்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் உள்ளன. அவர்களுக்கு உணவு சமைத்தவர் யார்? அவர்களுடைய வீடுகளைக் கட்டியவர் யார்? அவர்களின் பெயரை எந்தப் பட்டயமும் பொறிக்கவில்லை.

வெள்ளைப் படையினர் வழிபடுவதற்காக 1808-ஆம் ஆண்டில் தூய மாற்கு ஆலயத்தின் கட்டடப் பணி தொடங்கியது. 1816-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் அதனைத் திருநிலைப்படுத்தினார். அவ்வாலயம் 1923-ஆம் ஆண்டில் தீக்கு இரையாகி, மீண்டும் கட்டப்பெற்று, 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது ஆங்கிலேயரின் கோயில். தமிழர்க்கெனத் தூய பவுல் ஆலயம் எழுந்தது 1840-ஆம் ஆண்டில் என்று முன்னரே கூறினோம். தம் மொழியில் மன்றாடவும், தம் மொழியில் மணம் முடிக்கவும், தம் மொழியில் இறுதிச் சடங்கு செய்யவும் அக்குடிபெயர்ந்தோர்க்கு ஓரிடம் கிடைத்தது. அயல் மண்ணில் தாய்மொழிக்கு ஒரு கூரை கிடைப்பது எத்தகைய பேறு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

கண்காணியும் கணக்கும்

‘எபிஸ்கோப்பல்’ என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. பேராயர்களின் ஆட்சிக்கு உட்பட்ட திருச்சபையைக் குறிப்பது அது. ‘எபிஸ்கோபோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. மேலிருந்து பார்ப்பவர் என்பது அதன் பொருள். தமிழ் விவிலியத்தை முன்னாளில் பெயர்த்தோர் அதனைக் ‘கண்காணி’ என்றே மொழிந்தனர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலும் நம் முன்னோர் வேறொரு கண்காணியை அறிந்திருந்தனர். அக்கண்காணி ஆட்களை எண்ணினான். திருச்சபைக் கண்காணியும் ஆட்களை எண்ணச் செய்தார். ஆயின் பெயரும் எழுதச் செய்தார்.

மேற்பார்வை என்று ஒன்று இருந்தால் அதற்குக் கணக்கு வேண்டும். குருவானவர் பேராயர்க்குக் கணக்குக் காட்ட வேண்டும். எனவே ஆயராட்சி உள்ள திருச்சபைகளில் ஏடு எழுதும் வழக்கம் வேரூன்றியது. இங்கிலாந்தில் 1538-ஆம் ஆண்டில் தாமஸ் கிராம்வெல் என்னும் அமைச்சர், ஒவ்வொரு கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் ஒரு நூலில் எழுதி வைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டார். அந்நூலைப் பேழையில் வைத்து இரண்டு பூட்டுகள் இட வேண்டும். ஒரு திறவுகோல் குருவிடமும் மற்றொன்று சபைப் பெரியோரிடமும் இருக்க வேண்டும் என்பதும் அக்கட்டளையே. 1598-ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஒரு படி எடுத்துப் பேராயர்க்கு அனுப்பும் முறையும் வந்தது. இரண்டு பூட்டு, இரண்டு படி என்னும் இவ்விரு செய்திகளையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னர் நமக்குப் பயன்படும்.

இம்முறை கிழக்கிந்தியக் கும்பெனியோடு கடல் கடந்து வந்தது. சென்னைக் கோட்டையிலுள்ள தூய மரியாள் ஆலயம் 1680-ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே எலிகு யேல் என்பாரின் திருமணம் அதன் பதிவேட்டில் முதற் பதிவாக எழுதப்பட்டது. அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகம் அவர் பெயர் தாங்கியதே. 1753-ஆம் ஆண்டில் இராபர்ட் கிளைவின் திருமணமும் அவ்வாலயத்தில் நடந்தது.

ஏட்டின் கட்டங்கள்

திருச்சபை ஏட்டில் என்ன இருக்கும்? ஞானஸ்நானப் பதிவேட்டில் அச்சிட்ட கட்டங்கள் உண்டு. சடங்கு நடந்த நாள், குழந்தையின் பெயர், தந்தையின் பெயர், தாயின் பெயர், குடியிருக்கும் இடம், தந்தையின் தொழில், சடங்கை நடத்தியவரின் கையொப்பம் என்று அக்கட்டங்கள் அமையும். இதில் தாயின் பெயர் என்னும் கட்டத்தைக் கருதுங்கள். பள்ளிச் சான்றிதழிலும் நிலப் பத்திரத்திலும் தந்தையின் பெயர் மட்டுமே இடம்பெற்ற காலம் நெடுநாள் நீடித்தது. அக்காலத்திலும் கோயில் ஏடு தாயைக் கேட்டது. ஞானப்பூ என்றும் அருளாயி என்றும் யேசுவடியாள் என்றும் வாழ்ந்து மறைந்த பெண்கள் எழுத்தில் எஞ்சியிருக்கக்கூடிய ஓரிடம் அக்கட்டமே.

திருமணப் பதிவேட்டில் மணமக்களின் வயது, தொழில், ஊர், தந்தையர் பெயர், சாட்சிகளின் கையொப்பம் ஆகியன இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதோர் கீறலிட்டு அடையாளம் செய்வர், பெருவிரல் பதிப்பர். திருமணத்திற்கு முன்னர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் சபையாரின் முன்னே அறிவிப்புச் செய்தல் வழக்கம். அதனைத் தமிழ்க் கிறித்தவர் ‘ஓலை வாசித்தல்’ என்பர். ஓலைச் சுவடி போய் அச்சிட்ட தாள் வந்த பின்னும் ஓலை என்னும் பெயர் நிலைத்து நிற்கின்றது. ஏடு மாறலாம், எழுதி அறிவிக்கும் மரபு மாறவில்லை என்பதற்கு இச்சொல்லே சான்று.

அடக்கப் பதிவேடு துயரத்தின் ஏடு. எனினும் ஊரின் வரலாறு அதில் ஒளிந்திருக்கும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1898-ஆம் ஆண்டில் பெங்களூரில் கொள்ளைநோயாகிய பிளேக் புகுந்து பல்லாயிரவரைத் திசைகெட ஓடச் செய்தது. நெருக்கமான தெருக்களினின்று மக்களை வெளியேற்றிப் பிரேசர் டவுன் போன்ற புதிய குடியிருப்புகளை அமைத்ததும் அதன் விளைவே. இத்தகைய ஆண்டுகளின் அடக்க ஏடுகளைத் திறப்போர்க்கு, எந்தத் தெருவில் எந்த வயதினர் எத்தனை பேர் மறைந்தனர் என்பதை எண்ணிக் காண வழியுண்டு. அரசின் அறிக்கை தொகையைச் சொல்லும். கோயில் ஏடு ஆளைச் சொல்லும்.

இவையேயன்றிச் சபைக் கூட்டக் குறிப்புகள், காணிக்கைக் கணக்குகள், திடப்படுத்தல் பட்டியல்கள் ஆகியனவும் உண்டு. சமைக்க எடுக்கும் அரிசியில் நாள்தோறும் ஒரு பிடி எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை தமிழ்ப் பெண்களின் அறம். பணமில்லா இல்லங்களும் கோயிலைத் தாங்கிய கதையைக் காணிக்கைக் கணக்குகளில் காணலாம்.

நாற்பது பெயர்கள்

இவ்வாறு பெயர் எழுதி வைப்பதால் விளையும் பயன் யாது? நெல்லை நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். பாளையங்கோட்டையில் தஞ்சை மராட்டியப் பிராமணப் பெண் ஒருவர் கணவனை இழந்து வாழ்ந்தார். 1778-ஆம் ஆண்டில் சுவார்த்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா எனப் பெயர் கொண்டார். அவர் முயற்சியால் எழுந்த கோயில் 1785-ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்டது. 1780-ஆம் ஆண்டில் அச்சிறு சபையின் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அதில் இருந்தவை நாற்பது பெயர்களே. ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னர், 1881-ஆம் ஆண்டில், கால்டுவெல் பேராயர் திருநெல்வேலித் திருச்சபையின் தொடக்க வரலாற்றை நூலாக வெளியிட்டபோது, அப்பழைய பட்டியல் அவருக்குக் கைகொடுத்தது. நாற்பது பேரை ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து எழுதினார். அதனால் ஒரு பெருஞ்சமூகத்தின் தோற்றம் இன்றும் தெளிவாகத் தெரிகின்றது.

இது அயலார் கொணர்ந்த வழக்கம் மட்டுமன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரை நோக்குங்கள். இராசராச சோழன் பல ஊர்க் கோயில்களினின்று நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொணர்ந்து குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், முன்னிருந்த கோயிலும், தஞ்சையில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருவர் மறைந்தால் அவர்க்கு அடுத்த உறவினர் அப்பணியையும் பங்கையும் பெறுவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்க் குடிபெயர்ந்த பெண்களின் முகவரிப் பட்டியல் அன்றோ அது! பெயர் எழுதப்பட்டதனால் உரிமை நிலைத்தது. எழுத்துக்கும் உரிமைக்கும் உள்ள உறவை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்.

இரண்டாம் படி யாருக்கு?

இனி இப்பேச்சின் நடுநாயகமான செய்திக்கு வருகின்றோம். சென்னை மாகாணத்து ஆங்கிலிக்கன் கோயில்களின் பதிவுகள் படியெடுக்கப்பட்டு, சென்னை வழியாக இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1698-ஆம் ஆண்டு முதற்கொண்ட அப்படிகள் இன்று இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்படுகின்றன. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறித்தவத் திருமணச் சட்டமும், ஆங்கிலத் திருச்சபைக் குருமார் தம் திருமணப் பதிவுகளைக் காலாண்டுதோறும் இரண்டு படிகளாக அனுப்ப வேண்டுமென விதித்தது. பெங்களூரில் பணியாற்றி மறைந்த ஓர் ஆங்கிலப் படைவீரனின் கொள்ளுப்பேரன் இன்று இலண்டனில் அமர்ந்து தன் பாட்டனின் ஞானஸ்நான நாளைக் கண்டறியலாம்.

ஆனால் அப்படைவீரனுக்குச் சமைத்துப் போட்ட தமிழனின் கொள்ளுப்பேரன் நிலை யாது? இலண்டன் சென்ற படிகள் பெரும்பாலும் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் பற்றியவை. இந்தியக் கிறித்தவர் பெயர்கள் அவற்றில் ஆங்காங்கே உள்ளன, அவ்வளவே. தமிழ்ச் சபைகளின் ஞானஸ்நான ஏடும் அடக்க ஏடும் பெரும்பாலும் அந்தந்தக் கோயிலின் அலமாரியிலேயே தங்கிவிட்டன. துரைக்கு இரண்டு படி. தொழிலாளிக்கு ஒரே படி! அந்த ஒரு படியைக் கறையான் அரித்தால், இராமபாணப் பூச்சி துளைத்தால், மழைநீர் நனைத்தால், அம்மனிதன் இரண்டாம் முறை இறக்கின்றான். முதல் இறப்பு இயற்கை. இரண்டாம் இறப்பு நம் கவலையின்மை.

ஆட்சி மாற்றங்களும் ஏடுகளைச் சிதறச் செய்யும். பெங்களூர் முதலில் கல்கத்தாப் பேராயரின் ஆளுகையில் இருந்தது. 1835-ஆம் ஆண்டில் சென்னைக்குத் தனிப் பேராயர் அமர்ந்தபின் அவர்கீழ் வந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது மைசூர்ப் பேராயத்தில் சேர்ந்தது. 1970-ஆம் ஆண்டில் அப்பேராயம் மூன்றாகப் பிரிந்தபோது கர்நாடக மத்திய பேராயம் ஆயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும் அலுவலகம் மாறும், அலமாரி மாறும், காகிதம் மாறும். ஆகவே தேடுவோர் முதலில் கோயிலையும், பின்னர்ப் பேராய அலுவலகத்தையும், அதன் பின்னர்ச் சென்னையையும் நாடுதல் முறை. பெங்களூரிலேயே 1910-ஆம் ஆண்டில் தோன்றிய ஐக்கிய இறையியல் கல்லூரியில் திருச்சபை வரலாற்றுக்குரிய ஆவணக் காப்பகம் ஒன்று உண்டு. மிஷன் சங்கங்களின் கடிதங்களும் அறிக்கைகளும் கடல் கடந்து கிடக்கின்றன: எஸ்.பி.ஜி. சங்கத்தின் தாள்கள் ஆக்ஸ்போர்டிலும், இலண்டன் மிஷன் சங்கத்தின் தாள்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சோவாஸ் கல்லூரியிலும் உள்ளன.

தேடுவோர்க்கு ஒரு குறிப்பு. ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் நம் பெயர்களைத் தம் செவிக்கு எட்டியவாறே எழுதினர். ஞானமுத்து பல வேடம் புனைந்து வருவார். திருநெல்வேலி டின்னவெல்லியாகவும், தஞ்சாவூர் டாஞ்சூராகவும், தரங்கம்பாடி டிராங்கிபாராகவும் நிற்கும். எழுத்தைத் தேடாமல் ஒலியைத் தேடுதல் வேண்டும்.

காக்கும் முறை

பழைய ஏடுகளைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; பெருங்கவனம் வேண்டும். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில், தரைக்குச் சற்று உயரத்தில் ஏடுகளை வைக்க வேண்டும். கிழிந்த தாளைப் பசைநாடாவால் ஒட்டலாகாது. நெகிழித்தாளில் அடைத்து இலாமினேசன் செய்தல் அதனினும் கேடு. ஏனெனில் பின்னர்ப் பிரித்தெடுத்துச் செப்பனிட இயலாது. ஏட்டை மல்லாத்தி அழுத்தாமல், தக்க தாங்கலோடு ஒளிப்படம் எடுத்து, அப்படங்களை இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் நன்று. ஒளிப்படம் எடுத்துவிட்டோம் என்று மூல ஏட்டை எறிந்துவிடலாகாது.

மற்றொன்றும் கூறுவோம். ஏட்டில் பிறர் வாழ்வின் மறைபொருளும் இருக்கும். தந்தை பெயர் எழுதாத குழந்தையும், சாதி குறித்த சொல்லும் அங்கே எதிர்ப்படக்கூடும். வாழ்வோர் மனம் புண்படுமாறு அண்மைக்காலப் பதிவுகளைப் பலர் முன் விரித்தல் முறையாகாது. காத்தல் வேறு, கடைவிரித்தல் வேறு.

நம் கடன்

இதனால் நாம் செய்யத்தக்கது யாது? நம் குடியிருப்பிலுள்ள கிறித்தவக் குடும்பத்தார், சொந்த ஊர்ச் சபையிலுள்ள தம் முன்னோரின் பதிவுகளுக்கு முறைப்படி எழுதிக் கேட்டுச் சான்றுப்படி பெற்று வைக்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியோர்க்கு வயதைக் காட்ட அப்பதிவு துணைபுரிவதும் உண்டு. கணிப்பொறி பயின்ற நம் இளைஞர், மூத்த சபைகள் விரும்பி அழைப்பின், ஏடுகளைப் படம் பிடிக்கவும் பழைய கையெழுத்தைப் படித்துப் பட்டியலிடவும் உதவலாம். தமிழ் கற்ற பெரியோர் அவர்களோடு அமர்ந்தால் இருவர்க்கும் அது நல்ல பள்ளியாகும்.

இரண்டாவதாக, எச்சமயத்தினராயினும் நம் அனைவர்க்கும் உரிய கடன் ஒன்றுண்டு. பொம்மசந்திராவில் நம் வாழ்வை எழுதி வைப்பார் யார்? வாடகை வீட்டில் பதினோரு மாத ஒப்பந்தம். தொழிற்சாலையில் ஒப்பந்தக்காரரின் வருகைப் பட்டியல். வேலை மாறினால் அட்டை மாறும். இருபதாண்டு உழைத்த ஒருவர் ஊர் திரும்பினால், அவர் இங்கு வாழ்ந்ததற்கு அடையாளமே எஞ்சுவதில்லை. படைக்குடியிருப்பின் சமையற்காரர்க்கு நேர்ந்தது நமக்கும் நேரலாமா?

ஆதலின் நம் சங்கம் ஒரு குடும்பப் பதிவேடு தொடங்க வேண்டுமென முன்மொழிகின்றோம். விருப்பமுள்ளோர் மட்டும் எழுதுக. குடும்பத்தார் பெயர், தாய் தந்தையர் இருவர் பெயரும், சொந்த ஊர், இங்கு வந்த ஆண்டு, தொழில், இங்கே நிகழ்ந்த பிறப்பு, மணம், மறைவு ஆகியவை போதும். சாதி என்னும் கட்டம் வேண்டா. பாட்டன் பாட்டியரின் பெயர் தெரிந்தவரை எழுதுக. தெரியாதோர் இந்தப் பொங்கலுக்கு ஊர் செல்லும்போது மூத்தோரிடம் கேட்டு வருக. நன்கு தைத்த தாள் ஏட்டில், நிலையான மையில், தமிழில் எழுதுவோம். 1538-ஆம் ஆண்டின் இரண்டு பூட்டை நினைவில் கொண்டு, தலைவரிடம் ஒரு திறவுகோலும் உறுப்பினர் சார்பில் ஒருவரிடம் ஒரு திறவுகோலும் இருக்கச் செய்வோம். 1598-ஆம் ஆண்டின் இரண்டாம் படியை நினைவில் கொண்டு, ஆண்டுதோறும் ஒரு படியெடுத்து வேறோர் இடத்தில் வைப்போம். அன்று தமிழ்த் தொழிலாளிக்குக் கிட்டாத அந்த இரண்டாம் படியை இன்று நமக்கு நாமே ஆக்கிக்கொள்வோம்.

இதற்குச் செலவு சில நூறு உரூபாய். வேண்டும் நேரம் மாதம் ஒரு ஞாயிறு மாலை. பாளையங்கோட்டையில் எழுதப்பட்டவை நாற்பது பெயர்களே. இம்மன்றத்தில் கூடியிருப்போர் அதனினும் மிகுதி. விழா முடிந்ததும் செயலாளர் அவர்களின் மேசையில் ஏடு திறந்திருக்கும். முதற் பக்கத்தை நிரப்பிவிட்டு உணவுக்குச் செல்லுமாறு உங்கள் அனைவரையும் அன்புடன் வேண்டுகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.